ஊரெல்லாம் துப்பறிவாளர்கள்

ஒரு குழந்தை காணாமற் போனால் முதல் ஒரு மணி நேரம் ஊர் தேடுகிறது. அடுத்த மணி நேரத்திலிருந்து ஊர் துப்பறிய ஆரம்பித்துவிடுகிறது. தேடுவதற்குக் காலும் கண்ணும் வேண்டும். துப்பறிவதற்கு நாக்கு ஒன்றே போதும். இந்த வித்தியாசத்தை மறப்பதால் விளையும் கேடு என்ன என்பதைத் திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்திருக்கும் நம்மவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

2023-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி மாலை கொல்லம் மாவட்டம் ஓயூரில், அண்ணனுடன் டியூஷனுக்கு நடந்து போன ஆறு வயதுச் சிறுமியைக் காரில் வந்தவர்கள் தூக்கிச் சென்றார்கள். அன்றிரவு கேரளமே உறங்கவில்லை. மறுநாள் பிற்பகலில் கொல்லம் ஆசிராமம் மைதானத்தில் குழந்தை உயிரோடு கிடைத்தாள். டிசம்பர் 1-ந் தேதி, நமது செங்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள புளியரையில், சாத்தன்னூரைச் சேர்ந்த கணவன், மனைவி, மகள் ஆகிய மூவரைப் போலீசார் பிடித்தனர். கடன் தொல்லையே காரணம் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது.

இடைப்பட்ட அந்த நாலைந்து நாட்களில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் செல்போனிலும் நாம் பேசாத பேச்சு உண்டா? குழந்தையின் தகப்பனாருடைய தொழிலை இழுத்தோம். சங்கத் தொடர்பை இழுத்தோம். பணத் தகராறு என்றோம். குடும்பத்துக்குத் தெரிந்தே நடந்தது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். போலீசார் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சாயல் ஒத்திருக்கிறது என்று சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரின் புகைப்படத்தைப் பரப்பியவர்களும் உண்டு. "அது நானல்ல" என்று அவர் சொல்லித் திரிய வேண்டியதாயிற்று. கடைசியில் பிடிபட்ட மூவரைப் பற்றி இந்தத் துப்பறிவாளர்களில் ஒருவரும் வாயே திறந்ததில்லை.

அந்த வழக்கில் உண்மையாகவே உதவியவர்கள் யார்? தங்கையை விடாமல் போராடி, வந்தவர்களைப் பற்றித் தெரிந்ததைச் சொன்ன சிறுவன். தன் கடைக்கு வந்து போன் வாங்கிப் பேசிய பெண்ணைப் பற்றிப் போலீசிடம் சொன்ன கடைக்காரர். சொல்லக் கேட்டு முகங்களை வரைந்து கொடுத்த ஓவியர்கள். மைதானத்தில் தனியாக இருந்த குழந்தையைக் கவனித்த கல்லூரி மாணவிகள். இவர்களில் எவரும் துப்பறியவில்லை. கண்டதை, கேட்டதை, உரிய இடத்தில் சொன்னார்கள். அவ்வளவுதான். ஆனால் அதுவே எல்லாமாக இருந்தது.

மூன்று மாதம் கழிவதற்குள் நமது நகரத்திலேயே இன்னொரு சம்பவம். 2024 பிப்ரவரி 19-ந் தேதி விடியுமுன், பேட்டைப் பக்கம் சாலையோரத்தில் பெற்றோருடன் உறங்கிக் கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையைக் காணவில்லை. பீகாரிலிருந்து பிழைக்க வந்த நாடோடிக் குடும்பம். அந்தச் சாலையோரமே அவர்களுக்கு வீடு. அன்றிரவு, அப்போது கொச்சுவேளி என்றிருந்து இன்று திருவனந்தபுரம் வடக்கு எனப்படும் ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் ஓடையில் குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது. மார்ச் முதல் வாரத்தில் கொல்லத்தில் ஒருவன் கைதானான்.

அதுவரை சந்தேகம் யார்மேல் இருந்தது? பெற்ற தாய் தகப்பன்மேல்! "இது இவர்கள் குழந்தைதானா?" என்ற கேள்வி எழுந்து, மரபணுப் பரிசோதனை வரை போயிற்று. குழந்தை அவர்களுடையதுதான் என்று முடிவு வந்தது. போலீசார் அதைச் சோதித்தது அவர்கள் கடமை. எல்லாக் கோணத்திலும் பார்ப்பதுதான் விசாரணை. ஆனால் பேட்டையில் மாடி வீட்டுக் குழந்தை ஒன்று காணாமற் போயிருந்தால், இது இவர்கள் குழந்தைதானா என்று வழிப்போக்கர்கள் கேட்டிருப்பார்களா?

நாம் ஏன் இப்படி ஊகத்தில் இறங்குகிறோம்? கெட்ட எண்ணத்தால் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டிலிருக்கும் பிள்ளை காணாமற் போகலாம் என்ற பயத்தைத் தாங்க முடிவதில்லை. "அந்தக் குடும்பத்தில் ஏதோ கோளாறு" என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், நம் குடும்பத்துக்கு அது வராது என்று ஓர் ஆறுதல். மேலும் நாம் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்து வளர்ந்தவர்கள். கதையில் கடைசி அத்தியாயம் எழுதுகிறவருக்கு முன்பே தெரியும். சிந்திக் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு தடயம். வாழ்க்கையில் சிந்திக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை வெறும் குப்பைதான். அழாத தாய் குற்றவாளி அல்ல. அழ முடியாதவளாக இருக்கலாம்.

துப்புத் துலங்கிய வழக்குகளிலாவது உண்மை வெளிவந்ததும் ஊகம் செத்துப் போகிறது. துலங்காத வழக்கில் என்ன ஆகும்? 2005 மே 18-ந் தேதி ஆலப்புழையில் வீட்டருகே விளையாடிக் கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைக் காணவில்லை. உள்ளூர்ப் போலீஸ், பிறகு மத்தியப் புலனாய்வுத் துறை என்று எல்லாரும் பார்த்தும் அவன் எங்கே போனான் என்பது தெரியவில்லை. மகனைக் காணாமலேயே தகப்பனார் 2022-ல் மறைந்தார். இப்படிப்பட்ட வழக்கில் ஒவ்வொரு ஊகமும் பொய்ப்பிக்கப்படாமல் உயிரோடு இருக்கிறது. யார்மேல் ஒருமுறை விரல் நீட்டப்பட்டதோ அவருக்கு விடுதலைத் தீர்ப்பு என்று ஒன்று வரவே வராது. பிள்ளையை இழந்தவர்களோ, வருஷத்துக்கொரு புதுக் கதையைக் கேட்டு மறுபடி மறுபடி வாசலுக்கு ஓடி வர வேண்டும்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. 2007 மே 3-ந் தேதி போர்ச்சுகலில், விடுமுறைக்குச் சென்றிருந்த பிரிட்டிஷ் தம்பதியரின் மூன்று வயதுப் பெண் குழந்தை படுக்கை அறையிலிருந்து காணாமற் போனாள். அக்கம்பக்கத்தில் வசித்த ஒருவர், மொழி தெரிந்தவர் என்பதால், போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக உதவ வந்தார். அவர் மேலேயே சந்தேகம் பாய்ந்தது, பத்திரிகைகள் கிழித்தெறிந்தன. 2008 ஜூலையில் பத்திரிகைகள் அவருக்கு 6 லட்சம் பவுன் நஷ்ட ஈடு கொடுத்தன. அதே ஆண்டு மார்ச்சில் பெற்றோருக்கும் 5 லட்சத்து 50 ஆயிரம் பவுன் கொடுத்து மன்னிப்புக் கேட்டது ஒரு பத்திரிகை நிறுவனம். பத்திரிகைக்கு ஆசிரியர் உண்டு, முகவரி உண்டு, வழக்குப் போடலாம். டீக்கடைத் துப்பறிவாளர்மேல் எங்கே போய் வழக்குப் போடுவது?

இனி நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2018-ம் ஆண்டுத் தொடக்கத்தில் கேரளத்து வீடுகளின் ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் தென்படுகிறது, அது பிள்ளை பிடிக்கிறவர்கள் வைக்கும் அடையாளம் என்று புரளி கிளம்பியது நினைவிருக்கும். கண்ணாடிகள் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க ஒட்டப்படும் துண்டுகளே அவை என்றார்கள் போலீசார். பயப்பட ஒன்றுமில்லை என்று முதலமைச்சரே சொன்னார். ஆனால் அதற்குள் பிச்சைக்காரர்களும் நாடோடிகளும் வேற்று மாநிலத்தவரும் பல இடங்களில் அடி வாங்கியிருந்தார்கள். இங்கே வலியதுறையில் ஒரு திருநங்கையைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி மானபங்கப்படுத்தினார்கள்.

நாடோடி என்ற சொல்லைக் கேட்டதும் இந்த ஊரில் பலருடைய மனக்கண்ணில் எழும் முகம் யாருடையது? பழைய துணி மூட்டையோடு, இடுப்பில் பிள்ளையோடு வரும் தமிழ்ப் பெண்ணின் முகம்தான். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவரும், வீடு வீடாக இரும்பு, பேப்பர் எடுப்பவரும், இஸ்திரி வண்டிக்காரரும் ஒரு தெருவுக்குப் புதிதாக நுழையும்போது, அவர் பேச்சே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஊகம் புறப்பட்டால் அது முதலில் தட்டும் கதவு அந்நியனுடைய கதவு. இங்கே அந்நியன் நாம்.

ஆனால் அடி வாங்கும் பக்கம் மட்டுமே நாம் இருக்கிறோம் என்று எண்ண வேண்டாம். அதே 2018 மே மாதம் 9-ந் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்து வழி கேட்ட ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சூழ்ந்து தாக்கியது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அடித்தவர்களும் தமிழர்கள், இறந்தவரும் தமிழர். இன்று இந்த நகரத்தில் ஏதேனும் நடந்தால், "வங்காளிகளாக இருக்கும், பீகாரிகளாக இருக்கும்" என்று முதலில் சொல்கிறவர்களில் நம்மவர்களும் இல்லையா? நமக்கு முந்தி வந்தவர்கள் நம்மைச் சொன்னதை, நமக்குப் பிந்தி வந்தவர்களை நாம் சொல்கிறோம்.

"அப்படியானால் பொதுமக்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? போலீஸ் தூங்கினால் யார் கேட்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும், போலீசைக் கேட்க வேண்டும். குழந்தை காணவில்லை என்ற புகார் வந்தால் அதைக் கடத்தலாகவே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டிருக்கிறது. பதியவில்லை என்றால் பத்துப் பேர் சேர்ந்து ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். முக்கியமாக, புகார் கொடுக்க வருபவர் மொழி தெரியாத கூலிக்காரராக இருந்தால் கூடச் செல்லுங்கள். ஆபீசில் வேலை பார்க்கும் நம் குமாஸ்தா நண்பர்கள் மலையாளத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தால், அது நூறு ஊகங்களைவிடப் பெரிய உதவி.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. கண்ணில் பட்டது எதுவாயினும், வண்டி எண், நேரம், போன திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 112-க்கோ, குழந்தைகள் உதவிக்கான 1098-க்கோ சொல்லுங்கள். போலீசார் வெளியிடாத எந்த முகத்தையும் அனுப்பாதீர்கள். குழந்தை கிடைத்துவிட்டால் அதன் படத்தையும் பெயரையும் உடனே அழித்துவிடுங்கள். அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். பாலியல் குற்றம் நடந்திருந்தால், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்கிறது.

நாம் கண்டது சிறியதாக இருக்கலாம். ஒரு போன் கால், ஒரு வண்டி, தனியாக நிற்கும் ஒரு குழந்தை. அதைச் சொன்னால் ஒரு பிள்ளை வீடு திரும்பலாம். நாம் கருதியதைச் சொன்னால், ஏற்கெனவே பிள்ளையை இழந்து நிற்கும் வீட்டில் மானமும் போகும். அல்லது யாரோ ஒரு வழிப்போக்கனின் உயிரே போகும். அந்த வழிப்போக்கன் நாளைக்கு நம் ஊர்க்காரனாகவும் இருக்கலாம்.