வடக்கன்குளத்துச் சுவர்: இடிந்த பின்னும் பேசும் சான்று

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தின் கத்தோலிக்க ஆலயம் 1870களில் இயேசு சபைக் குருக்களின் பொறுப்பில் எழுந்தபோது, அதற்கு ஒரு பீடமும் இரண்டு கூடங்களும் அமைந்தன. பீடத்திலிருந்து இரு கூடங்களும் கவையாகப் பிரிந்து சென்றன. வெள்ளாளரும் அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட சாதியினரும் ஒரு கூடத்தில் நின்றனர். நாடார் முதலானோர் மற்றதில் நின்றனர். குருவை இரு தரப்பாரும் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. இரு கால்களுள்ள கால்சட்டையை ஒத்திருந்ததால் அக்கட்டடத்திற்கு அப்பெயரே பட்டப்பெயராயிற்று.

சாதி என்பது மனத்திலுள்ள பழக்கம், காலப்போக்கில் மறையும் என்று நம்மிடம் கூறப்படுவதுண்டு. மனப்பழக்கத்திற்கு அடித்தளம் தோண்ட வேண்டியதில்லை. வடக்கன்குளத்தில் தோண்டினார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் பொருளும் உழைப்பும் தீண்டாமைக்காகச் செலவாயின. 1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் இது. அவருடைய பெயரிலிருந்த சாதிப் பின்னொட்டை வத்திக்கான் நீக்கிய பிறகே, 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம்.

1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்ப ஆணையிடுமாறும், பீடத்தின் வழிபாட்டில் தங்களுக்குத் தனியுரிமை உண்டென அறிவிக்குமாறும் கோரி, ஆதிக்கச் சாதியினர் திருச்சிராப்பள்ளி ஆயர்மீது வழக்குத் தொடுத்தனர். 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்று சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ள அவ்வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையை ஏற்கவில்லை. வாதிகள் சொத்துரிமையைக் கோரவில்லை. சாதியின் பெயரால் பிரிவினையைக் கோரினர். தீட்டு என்னும் கருத்து இந்து சமயத்திற்குரியது, கிறித்தவத்தைத் தழுவியோர் அதனைக் கைவிட்டவராவர், ஆகவே தீட்டைக் காட்டி உரிமை கோர முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

முடிவை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதன் காரணத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். வாதிகள் இந்துக்களாக இருந்திருந்தால் அத்தகைய உரிமை அவர்களுக்கு இருந்திருக்கக்கூடும் என்றே நீதிமன்றம் கருதியது. தீண்டாமையை அது கண்டிக்கவில்லை. அதை ஒரு மதத்தின் எல்லைக்குள் வைத்துப் பூட்டியது.

அதே தர்க்கம் பின்னர் நமக்கு எதிராகத் திரும்பியது. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் 3ஆம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியலுக்குள் அனுமதித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் வெளியிலேயே நிற்கின்றனர். சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்து ஆதிதிராவிடத் தொழிலாளருக்கு அரசு வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று 1985இல் அவ்வழக்கு தள்ளுபடியானது.

ஆதாரம் செங்கல்லால் கட்டப்பட்டு நூறாண்டு கடந்திருந்தது.

வடக்கன்குளத்தில் மோதியவர்கள் வெள்ளாளரும் நாடாரும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்று சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்ட நாடார்கள் இன்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். தலித்துகளின் நிலை வேறு. விழுப்புரம் பகுதியின் எறையூரில் தலித் கிறித்தவர் தனிப்பங்கு கேட்ட போராட்டம் 2008இல் கலவரமாகவும் துப்பாக்கிச் சூடாகவும் முடிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுந்தது. கட்டடக்கலை மாறியிருக்கிறது, கட்டளை மாறவில்லை.

சட்டத்தில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் 'எவரையும்' வழிபாட்டிடத்தில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ அச்சான்றிதழைக் கேட்கிறது. முதற்சட்டத்தை நாம் இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. ஆணையத்தின் முன்னாயினும் நீதிமன்றத்தின் முன்னாயினும் எழும் கேள்வி, சூசையிடம் கேட்கப்பட்ட அதே கேள்விதான். ஆகவே மாணவத் தோழர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. உங்கள் ஊர் ஆலயத்தை அளந்து வரையுங்கள். எத்தனை வாயில்கள், எவர் எந்த வாயிலால் வந்தனர், தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, கல்லறையின் சுவர் எங்கே நிற்கிறது என்று முதியோரிடம் கேட்டு, நாளிட்டுப் பதிவு செய்யுங்கள். புதுப்பிப்பு என்ற பெயரில் பழைய தடுப்புகள் சத்தமின்றி அகற்றப்படுவதற்கு முன் படமெடுத்து வையுங்கள். சுவர்கள் இடிய வேண்டும். அவை நின்றன என்பதற்கான சான்று மட்டும் அழியக் கூடாது.