ரவுட்டரா? பழைய கணினியா? பேத்துப்பாறைக்கு ஒரு கணக்கு!

வீட்டு மூலையில் பழைய கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கும். அதில் இன்னொரு நெட்வொர்க் கார்டைச் செருகி, இலவசமாகக் கிடைக்கும் பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் மென்பொருளை நிறுவினால் அதுவே ரவுட்டர் ஆகிவிடும். பிறகு கடை ரவுட்டருக்கு எதற்குக் காசு? கணினி ஆர்வமுள்ள மாணவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ரவுட்டர் எந்த ஊரில் ஓடப் போகிறது என்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

கொடைக்கானல் மலையில் உள்ள பேத்துப்பாறையையே எடுத்துக்கொள்ளலாம். விவசாயத்தை நம்பிய ஊர். காட்டு யானைகள் வந்து போகும் ஊர். காற்று மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். ஒரு சின்ன பொருள் பழுதானாலும் கொடைக்கானல் வரை போய்த்தான் வாங்க வேண்டும்.

முதலில் கணினி ரவுட்டரின் பக்கம் உள்ள நியாயங்கள். மலிவான கடை ரவுட்டர்கள் பலவற்றுக்கு, தயாரித்த நிறுவனம் சில வருடங்களில் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிடுகிறது. ஓட்டை இருந்தால் அது அப்படியே இருக்கும். 2016ல் உலகையே ஆட்டிய மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொல்லோடு கிடந்த ரவுட்டர்களையும் கேமராக்களையும்தான் பிடித்தது. கணினி ரவுட்டரில் புதுப்பிப்பு தொடர்ந்து கிடைக்கும். இரண்டு இணைய இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கலாம். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

இனி செலவுக் கணக்கு. "கணினி சும்மாதானே கிடக்கிறது, செலவே இல்லை" என்பார்கள். வணிகவியலில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். போட்ட காசு போனது போனதுதான். இனிமேல் ஆகும் செலவைத்தான் பார்க்க வேண்டும். பழைய மேசைக் கணினி சுமார் 50 வாட் இழுக்கும் என்று வைத்தால், 60 நாளில் 72 யூனிட். 10 வாட் ரவுட்டர் என்றால் அதே 60 நாளில் 14.4 யூனிட். ஒரு வருடத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 350 யூனிட்! அதற்கு மேல், பழைய கணினியில் நல்ல வைஃபை இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். கடைசியில் மிச்சம் என்ன?

காசை விடப் பெரிய விஷயம் கரண்ட். 12 வோல்ட் ரவுட்டரை ஒரு சிறிய யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். மேசைக் கணினிக்கு இன்வெர்ட்டரே வேண்டும். மொபைல் சிக்னல் சரியாக எட்டாத மலை மடிப்பில், இரவில் கரண்ட் போன நேரத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், வைஃபை மூலம் போகும் அழைப்புதான் கைகொடுக்கும். அந்த நேரத்தில் ரவுட்டர் உயிரோடு இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2000களின் நடுவில், மலைக்குத் தெற்கே தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபை மூலம் இணைத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிக் ப்ரூவர் தலைமையில் உதவினார்கள். அவர்கள் பயன்படுத்தியது கடை ரவுட்டர் அல்ல. லினக்ஸ் ஓடும் சிறிய ஒற்றைப் பலகைக் கணினிகள். நோயாளி கிராமத்தில் இருந்தபடியே தேனி மருத்துவரிடம் வீடியோவில் பேச முடிந்தது. ஆனால் 2008ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொன்ன பாடம் வேறு. கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மின்சாரத்தின் தரம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் பழுதாகின, நினைவக அட்டைகள் கெட்டன. உள்ளூர் ஊழியர்களே பழுது பார்க்கும்படி அமைப்பது அவசியம் என்றும் உணர்ந்தார்கள்.

உண்மையான கேள்வி இங்கேதான் இருக்கிறது. மகன் ஆசையாகக் கணினி ரவுட்டர் அமைத்துவிட்டு மதுரைக்குப் படிக்கப் போய்விடுகிறான். ஒரு நாள் அது நின்றுவிட்டால் அம்மா என்ன செய்வார்? கடை ரவுட்டர் என்றால் "சுவிட்சை அணைத்துப் போடுங்கம்மா" என்று சொல்லலாம். அதுவும் சரிவராவிட்டால் வேறொன்று வாங்கி மாட்டலாம். கணினி ரவுட்டரின் சூட்சுமம் மகனின் தலைக்குள் மட்டும் இருக்கிறது!

அதற்காகக் கணினி ரவுட்டர் கூடாது என்பதில்லை. கணினி தெரிந்த ஆள் எப்போதும் இருக்கும் பள்ளி ஆய்வகத்துக்கோ தங்கும் விடுதிக்கோ அது பொருந்தும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மினி கணினிகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டுக்கு நடுவழி ஒன்றும் உண்டு. 2004ல் தொடங்கிய ஓபன்டபிள்யுஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்கும் ரவுட்டராகப் பார்த்து வாங்கலாம். நிறுவனம் கைவிட்டாலும் அந்த மாடலுக்குப் புதுப்பிப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு, கரண்ட் செலவும் கூடாது.

ஆகவே பேத்துப்பாறை வீட்டுக்குச் சின்ன ரவுட்டரும், அதற்கொரு யுபிஎஸ்ஸும் போதும். பழைய கணினியில் தம்பி தங்கைகள் படிக்கட்டும். ரவுட்டர் அமைத்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவர்கள், தங்கள் அறையில் தங்கள் இணைப்பில் தாராளமாகச் செய்து பார்க்கட்டும். அம்மாவின் இணைப்பு பரிசோதனைக் கூடம் அல்லவே!