எனக்கும் ஒரு குதிரைவால்!

இடது காலில் ஒரு வலி. இடுப்பில் கிளம்பி, தொடை, கெண்டைக்கால் என்று எல்லா ஸ்டாப்பிங்கிலும் நின்று, சுண்டுவிரலில் போய் இறங்கும். பகலில் ஆர்டினரி. ராத்திரி படுத்தால் எக்ஸ்பிரஸ்!

நம் ஊரில் வைத்தியம் தெரியாதவர் யார் சார்? டீக்கடைக்காரர் முடவாட்டுக்கால் சூப் சொன்னார். மைத்துனன், "பைக்கை எங்கிட்ட குடுத்துடுங்க மாமா, வலி போயிடும்" என்றான். "நாள் பூரா உட்கார்ந்து எழுதறதை விட்டுட்டு, உருப்படியா ஒரு வேலைக்குப் போங்க. தானா சரியாயிடும்!" இது என் மனைவி.

ஐந்து மாதம் மாத்திரை, பெல்ட், ஒத்தடம். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட்டை ஆட்டோவிலேயே பிரித்தேன். பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை எடுத்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பான். கடைசி வரியில் 'ட்யூமர்' என்று இருந்தது. மீட்டர் மேல் பத்து ரூபாய் அதிகம் கேட்ட ஆட்டோக்காரரிடம் அன்றைக்கு நான் சண்டையே போடவில்லை.

"பயப்படாதீங்க. இது கேன்சர் இல்லை" என்றார் டாக்டர். "தண்டுவடத்துலேர்ந்து 31 ஜோடி நரம்பு கிளம்புது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வேர். பின்வேர் சேதியை உள்ளே கொண்டு போகும். முன்வேர் உத்தரவை வெளியே அனுப்பும்."

"இன்வர்ட், அவுட்வர்ட் ரெஜிஸ்டர் மாதிரியா சார்?"

"அதேதான். உங்க இன்வர்ட் ரெஜிஸ்டர்ல கட்டி!"

தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுமாம். அதற்குக் கீழே வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்கும். மருத்துவத்தில் அதற்குப் பெயரே குதிரைவால்! பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்னை 'வாலு' என்று கூப்பிட்டதற்கு இத்தனை வருஷம் கழித்து ஆதாரம் கிடைத்தது.

அந்த வாலில் ஒரு வேரின் மேல், மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்கண்டு மாதிரி சிக்கி ஒரு உருண்டை. பெயர் ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா. பெயர்தான் வில்லன். ஆள் சாது. வேறு உறுப்புக்குப் பரவாது. "அப்புறம் ஏன் சார் இந்த வலி?" என்றேன்.

"ஒண்டுக்குடித்தனத்துல ஒருத்தர் மட்டும் குண்டாயிட்டே போனா, பக்கத்துல இருக்கறவர் கத்த மாட்டாரா?"

சிரித்தேன். டாக்டர் சிரிக்காமல் அடுத்த கேள்வி கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது கண், மூளை, கிட்னியில கட்டி இருந்ததா?"

என் அப்பாவுக்கு நாற்பது வயதில் வலது கண் போனது. கண்ணுக்குள் ரத்தக்குழாய்க் கோளாறு என்றார்கள். அதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வான் ஹிப்பல் - லிண்டாவ் என்று ஒரு பரம்பரை நோய். 1904-ல் ஜெர்மன் கண் டாக்டர் ஒருவரும், 1926-ல் ஸ்வீடன் டாக்டர் ஒருவரும் எழுதி வைத்ததால் இருவர் பெயரும் சேர்ந்துகொண்டது. காரணமான ஜீனை 1993-ல் கண்டுபிடித்தார்கள். இந்தக் கட்டி வந்த எல்லோருக்கும் அது இருப்பதில்லை. இருந்தால், பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

என் மகனுக்கு ஆறு வயது.

அன்று ராத்திரி, "டெஸ்டெல்லாம் வேண்டாம். தெரியாமலே இருந்துடலாம்" என்றேன். மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "ஏங்க, கணக்கு எழுதலைன்னா கடன் இல்லைன்னு ஆயிடுமா?"

பி.காம். படித்தவனுக்கு அதற்குமேல் என்ன பதில் இருக்கிறது?

முதலில் ஆபரேஷன். கட்டியைக் கிள்ளினால் ரத்தம் பீறிடும் என்பதால், அதற்கு வரும் குழாய்களை மைக்ராஸ்கோப் வழியாக ஒவ்வொன்றாக அடைத்து, முழுசாகவே எடுத்தார்கள். வேரை வெட்டுமுன் மின்சாரம் வைத்துச் சோதித்தார்களாம், காலை அசைக்கிற நரம்பா என்று. இல்லை. பாதத்தின் ஓரத்தில் மட்டும் லேசான மரமரப்பு பாக்கி. வலி சர்வீஸ் நிரந்தரமாக ரத்து!

பிறகு ரத்தப் பரிசோதனை. எனக்கு இருந்தது. மகனுக்கும் இருந்தது.

ஆனால் உடனே கண்ணைப் பரிசோதித்ததில், விழித்திரை ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. பெரிதாகும் முன்பே லேசரில் சுட்டுவிட்டார்கள். பார்வைக்குச் சேதமில்லை. அப்பாவுக்குக் கிடைக்காதது பேரனுக்குக் கிடைத்தது. இனி இருவருக்கும் தவறாமல் செக்கப். வருஷா வருஷம் ஆடிட் மாதிரி.

உங்களுக்கு முதுகு வலித்தால் உடனே என் கதையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டி ரொம்ப அபூர்வம். ஸ்கேனில் 'ஹெமாஞ்சியோமா' என்று பார்த்தும் பதறாதீர்கள். முதுகெலும்புக்குள் இருக்கும் அந்த ரகம் சுமார் 10 சதவீதம் பேருக்கு உண்டு, பெரும்பாலும் தொந்தரவே செய்யாது. ஆனால் கால் பலம் குறைந்தாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ டீக்கடை சூப்பை விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

நேற்று மகன் கேட்டான்: "அப்பா, உனக்கு வால் இருக்காமே?"

"ஆமாடா."

"எனக்கும் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு."

"அம்மாவுக்குமா?"

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன். இப்போது வேகமாக நடக்க முடிகிறது!