சுடுதண்ணீர் வைத்தியமும் நித்யகல்யாணியும்



சுடச்சுடத் தேங்காய்த் தண்ணீர் குடித்தால் புற்றுநோய் செத்துவிடும் என்ற செய்தி மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கூடவே நித்யகல்யாணிக் கஷாயமும்.

நம் மரக்காணம் உப்பளக் கரையில் ஆடுகூடக் கடிக்காத அதே நித்யகல்யாணியில்தான் 1940களில் அமெரிக்காவில் ஆர்மின் பிரவுன் சோதனை செய்தார். காயம் வழியாக அக்ரோபாக்டீரியம் புகுந்தால் செடித் தண்டில் கட்டி புடைக்கும். கட்டி வந்த செடியைச் சுமார் 46 டிகிரி சூட்டில் சில நாள் வைத்தார். செடி தாங்கியது, பாக்டீரியா செத்தது. கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது!

சாதாரணத் திசுவைக் குடுவையில் வளர்க்க ஆக்சின், சைட்டோகைனின் என்ற ஹார்மோன்களை ஊட்ட வேண்டும். கட்டித் திசு எதையும் கேட்கவில்லை. பாக்டீரியா தன் மரபணுத் துண்டைச் செடிக்குள் செருகிவிட்டதே காரணம் என்று 1977இல் தெரிந்தது. தொற்றின் தொடக்கத்திலேயே 32 டிகிரி இருந்தால் கட்டி உருவாவதில்லை. உருவான பிறகு 46 டிகிரியும் பலிக்கவில்லை.

செடிக் கட்டியும் மனிதப் புற்றும் ஒன்றல்ல. ஆனால் சூடு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பது செடியிலேயே எடுபடவில்லையே!

நித்யகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் எடுப்பது உண்மை. அதைப் பிரித்து, சுத்தம் செய்து, அளவு பார்த்து மருத்துவர் ஊசியில் ஏற்றுகிறார். அளவு தெரியாத கஷாயம் விஷம்.

உடம்பில் கட்டி தெரிந்தால் கஷாயத்தில் நாளைக் கடத்தாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.