ஸ்டார்ட் ஆகாத மெசினும் நாம் கொடுக்காத கூலியும்



பெரும்போக வேலை தொடங்கிவிட்டது. வட்டைப் பக்கம் போனால் ஒரு கதை அடிக்கடி காதில் விழுகிறது. "காலையில ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆன மெசின். பத்து மணிக்கு நிப்பாட்டிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தா அசையுதில்ல. பாஸ் வந்து திறப்பத் திருப்பினாரு, உடனே பிடிச்சிட்டு!"

கேட்கச் சிரிப்பாக இருக்கும். மெசின் வைத்திருப்பவர்களுக்கும் அதை ஓட்டுபவர்களுக்கும் இது சிரிப்பல்ல. முழுசாகப் பழுதான மெசினைத் திருத்திவிடலாம். ஒரு நேரம் பிடித்து ஒரு நேரம் பிடிக்காத மெசின்தான் ஆளைக் கடனாளி ஆக்குகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் பெட்டரியில் பழியைப் போட்டுப் புதுப் பெட்டரி போடுவோம். இரண்டு கிழமை நன்றாக ஓடும். பிறகு பழையபடி. அடுத்தது ஸ்டார்ட்டர் மோட்டர். அதுவும் ஒரு கிழமை. அதற்கடுத்தது திறப்பு சுவிட்ச். 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு உதிரிப்பாக விலை எப்படி ஏறியது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று சாமான் வாங்கிய பிறகும் கோளாறு அதே இடத்தில் குந்திக்கொண்டிருக்கும்.

இதற்கு பாஸ்மாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. பெரிய பிழை நம் பக்கம்தான். சாமானுக்குக் காசு கொடுக்க நாம் தயார், கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்க நாம் தயாரில்லை. ஒரு பாஸ் வட்டைக்கு வந்து ஒரு மணித்தியாலம் வயர் வயராகத் தொட்டுப் பார்த்து, ஒரு நட்டை இறுக்கிவிட்டு எழும்பினால், "நட்டு இறுக்கினதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம். அதே பாஸ் ஒரு புது மோட்டரைப் பூட்டிவிட்டுப் போனால் வாய் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். அப்படியென்றால் அவர் எதைச் செய்வார்? அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ஒரு சாமானை மாற்றியதும் மெசின் ஸ்டார்ட் ஆனால், அந்தச் சாமான்தான் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெட்டரியை மாற்றும்போது என்ன நடக்கிறது? பழைய டெர்மினலைக் கழற்றுகிறோம், பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டுகிறோம், இறுக்கிப் பூட்டுகிறோம். சரியானது பெட்டரியாலா, சுரண்டி இறுக்கியதாலா? ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றிப் பூட்டும்போதும் இதே கதைதான். அது இஞ்சினில் பொருந்தும் இடத்தில் இருந்த துரு போய்விடுகிறது, வயர்கள் புதிதாக இறுகுகின்றன. இரண்டு கிழமையில் ஆட்டத்திலும் சேற்றிலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு பரிசோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களை மாற்றினால் முடிவை நம்பக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். வட்டைக்குப் போனதும் அதை மறந்துவிடுகிறோம்.

இந்தச் சின்ன டீசல் மெசின்களில் ஸ்டார்ட் ஆகும் வேலை இரண்டு பாதையில் நடக்கிறது. ஒன்று பெரிய பாதை: பெட்டரியிலிருந்து தடித்த வயர் வழியாக ஸ்டார்ட்டருக்குப் போய், இஞ்சின் உடம்பு வழியாக எர்த் வயரில் திரும்பி வருவது. மற்றது சின்னப் பாதை: பியூஸ், திறப்பு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், பிடிஓ சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி, மெல்லிய வயரில் ஸ்டார்ட்டரின் சொலனொயிட்டுக்குப் போவது. எல்லா மெசினிலும் எல்லா சுவிட்சும் இருக்காது. ஆனாலும் ஒழுங்கு இதுதான். சின்னப் பாதை கட்டளை கொடுக்கும், பெரிய பாதை பலம் கொடுக்கும். எந்தப் பாதையில் அடைப்பு என்று தெரிந்தாலே தேடும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சதமும் செலவில்லை. ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்தில் முன் லைட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். காதையும் கண்ணையும் வையுங்கள்.

லைட் அப்படியே எரிகிறது, ஒரு சத்தமும் இல்லை: கட்டளை போகவில்லை. சின்னப் பாதையைப் பாருங்கள்.

லைட் செத்துப்போகிறது, அல்லது "டக் டக் டக்" என்று அடிக்கிறது: பெட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல், எர்த் வயர் பிடிப்பு சரியில்லை.

ஒரே ஒரு பலத்த "டக்", லைட் மங்கவில்லை: சொலனொயிட்டுக்குள் இருக்கும் செப்புத் தொடுகை தேய்ந்திருக்கலாம், மோட்டரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம், மோட்டருக்குப் போகும் தடித்த வயர் கழன்றிருக்கலாம். செப்புத் தொடுகை மட்டும் என்றால் பல மெசின்களில் அதைத் தனியாக மாற்றலாம், முழு மோட்டர் தேவையில்லை.

இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பெட்டரியையும் ஸ்டார்ட்டரையும் விடுங்கள். டீசல் பக்கம் போங்கள். பில்டர், குழாயில் காற்று, டீசலில் தண்ணீர், டீசலைத் திறந்து மூடும் சொலனொயிட்.

"லைட் நல்லாத்தானே எரியுது, அப்ப பெட்டரி வயர் எல்லாம் சரிதானே?" என்று சிலர் கேட்பார்கள். சாதாரண தரத்தில் படித்த V = IRஐ நினைத்துப் பாருங்கள். துருப்பிடித்த ஒரு டெர்மினலில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைட்டுக்கு 10 அம்பியர் போனால் அந்த இடத்தில் இழப்பது 0.2 வோல்ட்தான். கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் 200 அம்பியர் கேட்டால் அதே இடத்தில் 4 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் 4 போனால் மிச்சத்தில் டீசல் இஞ்சினைச் சுற்ற முடியுமா? பரீட்சைக்காகப் பாடமாக்கிய சூத்திரம்தான், வட்டையில் பெட்டரிக் காசைக் காப்பாற்றும் சூத்திரமும் அதுதான்.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் இலகு. ஓய்வில் இருக்கும் நல்ல பெட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் பண்ணுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பெட்டரியில் சந்தேகப்படலாம். இஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8க்கும் 14.4க்கும் இடையில் இல்லாவிட்டால் சார்ஜ் ஏறுவதில்தான் பிரச்சினை, எத்தனை புதுப் பெட்டரி போட்டாலும் பயனில்லை. பிறகு மீட்டரின் ஒரு கம்பியை பெட்டரியின் மைனஸ் தண்டிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் உடம்பிலும் வைத்து, ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கள்ளன் இருக்கிறான். கடைசியாக சொலனொயிட்டின் மெல்லிய வயர். திறப்பைத் திருப்பும்போது அங்கே பெட்டரியின் வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட வரவேண்டும். வந்தும் சத்தமில்லை என்றால் பிழை ஸ்டார்ட்டரில். 7, 8 மட்டும் வந்தால் வழியில் ஏதோ ஒரு சுவிட்ச் வோல்ட்டைத் தின்கிறது. ஒவ்வொரு சுவிட்சாகப் பின்னோக்கிப் போங்கள்.

நம் வயல் நிலைமையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சேற்றுழவில் கிளட்ச் பெடலுக்குக் கீழே சேறு இறுகிவிடும். பெடல் முழுசாக இறங்காது, சுவிட்சும் அமுங்காது. கையால் சேற்றைத் தோண்டி எடுத்தால் முடியும் வேலைக்கு மோட்டர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். உர மூட்டை ஏற்றும் மெசினில் கொட்டும் உரமும் ஈரமும் சேர்ந்து டெர்மினலையும் எர்த் வயரையும் அரிக்கும். அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் பூசினால் ஒரு போகம் தாங்கும். பத்து மணிக்குப் பிடிக்காததற்கும் காரணம் உண்டு. இஞ்சின் சூட்டில் சொலனொயிட்டின் செப்புச் சுருளும் சூடாகித் தடை கூடுகிறது, அதன் இழுவை குறைகிறது. காலையில் 9 வோல்ட்டிலும் வேலை செய்தது, சூட்டில் அதே 9 போதாமல் போகிறது. பாஸ் வந்து சேரும்போது மெசின் ஆறிவிட்டது. அவர் கையில் மந்திரம் ஒன்றும் இல்லை.

இனி, நான் இதை எழுத முக்கிய காரணம். மெசின் பிடிக்காதபோது ஸ்டார்ட்டரின் இரண்டு முனையையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் பண்ணுவது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. கிளட்ச், நியூட்ரல் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி விடுவதும் அப்படித்தான். அந்த சுவிட்சுகள் நம்மைத் தொந்தரவு செய்ய வைத்தவை அல்ல. மெசின் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. ஸ்குரூ டிரைவரோடு நிற்பவர் பெரிய சில்லுக்கு முன்னால்தான் நிற்கிறார். கியர் விழுந்திருந்தால் மெசின் அவர் மேலேயே ஏறும், பிரேக் பிடிக்க மேலே ஆளில்லை. மெசினைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதையும் நாம் காண்கிறோம். ஒரு சுவிட்சின் விலைக்கு ஒரு உயிரா? ஏற்கெனவே முறுக்கி விட்டவர்கள் தயவுசெய்து இந்தக் கிழமையே சரிசெய்யுங்கள். சோதித்துப் பார்க்கும்போதும் கியர் நியூட்ரலில், பிடிஓ நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்த பிறகே கை வையுங்கள்.

டிரைவர் தம்பிமாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூலிக்கு ஓட்டும் ஒருவர் "ஸ்டார்ட் ஆகுதில்ல ஹாஜியார்" என்று போன் எடுப்பார். உரிமையாளர் வந்து திருப்பினால் பிடித்துவிடும். "வேலைக்குக் கள்ளம் பண்ணுறான்" என்ற பேச்சு அன்றே தொடங்கும். அடுத்த நாள் அந்தப் பயத்திலேயே அவர் மெசினை நிறுத்தாமல் சாப்பாட்டு நேரமும் ஓடவிடுவார். டீசல் யாருடையது? வந்து வந்து மறையும் கோளாறு இருக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொண்டால் ஒரு மனிதனின் நம்பிக்கையைக் கெடுக்க மாட்டோம்.

செய்யக்கூடியவை என்று எனக்குப் படுபவை நான்கு.

ஒன்று, மெசினில் ஒரு சின்னக் கொப்பி. ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், இஞ்சின் சூடா ஆறியதா, என்ன சத்தம், லைட் எப்படி என்று நான்கு சொல் எழுதுங்கள். எழுத நேரமில்லையென்றால் போனில் வீடியோ எடுங்கள். ஐந்து பதிவு சேர்ந்தால் பாஸுக்கு அது பெரிய உதவி.

இரண்டு, ஒவ்வொரு வட்டையின் விவசாய அமைப்பும் பொதுவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கட்டும். ஒரு பெட்டரியின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. கோளாறு வரும் நேரத்தில் கையில் மீட்டர் இருக்க வேண்டும், அடுத்த நாள் கராஜில் இருந்து பயனில்லை.

மூன்று, பார்க்கும் கூலி. பாஸை அழைக்கும்போதே "கோளாறைக் கண்டுபிடிக்க இவ்வளவு, சாமான் போட்டால் அது வேறு" என்று பேசிக்கொள்ளுங்கள். உழைத்தவருக்குத் தாமதிக்காமல் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அறிவாலும் காதாலும் உழைத்ததும் உழைப்புத்தான். பாஸ்மாரும் அந்தக் கூலியை அமானிதமாக எடுத்து, அளந்து பார்த்த பிறகே சாமான் எழுதித் தர வேண்டும்.

நான்கு, உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. நம் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களை நல்ல பாஸ் ஒருவரின் கராஜுக்கு அழைத்துப் போவோம். பிள்ளைகள் கணக்கைச் சொல்லட்டும், பாஸ் கையைக் காட்டட்டும். இரண்டு பக்கமும் லாபம்.

தண்ணீர் முறை நமக்காகக் காத்திருக்காது. மெசின் நின்ற ஒரு நாளில் நாலு பேருடைய வயல் பிந்துகிறது. வாங்கிப் பூட்ட முன்னர் அளந்து பாருங்கள், அளந்து சொன்னவருக்கு மனதாரக் கூலி கொடுங்கள்.

அனுபவமுள்ள பாஸ்மாரும் டிரைவர்மாரும் நான் விட்டதைக் கீழே எழுதுங்கள். போகம் முடியும்வரை பலருக்கு உதவும். இம்முறை விளைச்சலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.