எடை குறைந்தது எங்கே?

கோவிலில் திருமண ஓலை வாசிக்கத் தொடங்கும் நாட்களில், மணப்பெண்ணின் இல்லத்தில் மற்றொரு கணக்கும் தொடங்கிவிடுகின்றது. பெட்டியிலிருந்து பாட்டியின் சங்கிலி வெளிவரும். அறுந்த காப்பு, ஒற்றையாய் எஞ்சிய தோடு, கல் உதிர்ந்த மோதிரம் ஆகியன ஒரு துணியில் முடிச்சாகும். அவற்றை உருக்கிப் பெண்ணுக்குத் தாலியும் சங்கிலியும் செய்து தருமாறு ஊர் ஆசாரியாரிடமோ நகைக்கடையிலோ ஒப்படைப்பர். கொடுத்தது மூன்று பவுன். திரும்பி வந்தது இரண்டே முக்கால் பவுனுக்கும் குறைவு. உடனே வீட்டில் முணுமுணுப்பு எழும்: "மீதிப் பொன் எங்கே போயிற்று?"

கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடுமுன்னரே பலர் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று ஒரு பழமொழியே நம்மிடையே வழங்கி வருகின்றதன்றோ? ஒரு தொழிலினர் அனைவரையும் ஒரே சொல்லால் கள்வராக்கும் பழமொழி இது. குற்றமற்ற ஒருவர்மேல் இப்பழி விழுமாயின், ஊரில் அவர் பெயர் கெடும். பெயர் கெட்டால் பிழைப்பும் கெடும். ஆகவே, நாம் செய்யச் சொல்லும் நகை எவ்வாறு உருவாகின்றது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம். அறிந்தவர் ஏமாறுவதுமில்லை, வீண்பழி சுமத்துவதுமில்லை.

முதற்கண், நகை என்பது முழுப் பொன் அன்று. சுத்தப் பொன் மிகவும் மென்மையானது. நாள்தோறும் உடலில் உரசும் தாலியை அதைக் கொண்டே செய்தால், விரைவில் தேய்ந்து வளைந்து உருக்குலையும். எனவே செம்பும் வெள்ளியும் சிறிதளவு கூட்டி அதற்கு உரமேற்றுகின்றனர். செம்பு மிகுந்தால் நிறம் சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும். முழுத் தூய்மையை 24 பங்காக வைத்து, அதில் 22 பங்கு பொன்னாக இருந்தால் 22 காரட் என்கிறோம். ஆயிரத்தில் 916 பங்கு என்று கூறுவதும் இதனையே. 10 கிராம் சுத்தப் பொன்னை 22 காரட்டாக்க ஏறத்தாழ 0.91 கிராம் செம்பும் வெள்ளியும் சேர்க்க வேண்டும்.

இனிப் பாட்டியின் சங்கிலிக்கு வருவோம். மூன்று பவுன் என்பது 24 கிராம். அந்தப் பழைய நகை 20 காரட் தரமுடையதாக இருக்கின்றதென்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள சுத்தப் பொன் 20 கிராம். மீதி 4 கிராம் செம்பும் வெள்ளியும். நாமோ புதிய நகை 22 காரட்டில் வேண்டுமென்கிறோம். அப்படியாயின் மிகுதியான கலப்பை நீக்கித்தான் ஆகவேண்டும். 20 கிராம் சுத்தப் பொன்னிலிருந்து 22 காரட்டில் கிடைப்பது ஏறத்தாழ 21.8 கிராமே. இரண்டு கிராமுக்கு மேல் குறைந்துவிட்டது; ஆயினும் பொன்னில் ஓர் அணுவும் திருடு போகவில்லை! எடை குறைந்தது, தரம் உயர்ந்தது. இந்தச் சிறு கணக்கை அறியாமையால் எத்தனை நட்புகள் முறிந்திருக்கின்றன!

எடை குறைவதற்கு வேறு காரணங்களும் உள. பழங்கால நகைகளில் உட்கூடான பகுதிகளை அரக்கால் நிரப்புவதுண்டு. தீயில் அது எரிந்துபோகும். கல்லின் எடை பொன்னின் எடையன்று. பலமுறை பழுது பார்த்த சங்கிலியில் பற்றவைத்த இடங்கள் அதிகம். அவ்விடங்களில் தரம் தாழ்ந்திருக்கும். சங்கிலிக் கண்ணிகளுக்கிடையே நாட்பட்ட அழுக்கும் சேர்ந்திருக்கும்.

பட்டறையில் நடப்பதென்ன? பழைய பொன்னை மூசையிலிட்டு, வெண்காரம் தூவி உருக்குகின்றனர். பொன் உருகுவதற்கு 1064 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெண்காரம் மாசுகளைக் கரைத்து மேலே கொணரும். முன்னாளில் உமித்தீயும் ஊதுகுழலும் செய்த வேலையை இன்று பெரும்பாலும் எரிவாயுச் சுடர் செய்கின்றது. தரத்தைச் சரிசெய்து வார்த்தெடுத்த பொன்னைச் சுத்தியலால் தட்டுவர். தட்டத் தட்டப் பொன் விறைக்கும். மீண்டும் தீயில் காட்டி இளக்காவிடில் வெடித்துவிடும். பின்னர் துளைகளுள்ள எஃகுத் தகட்டின் வழியே, பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கென மாறி மாறி இழுத்துக் கம்பியாக்குவர். கம்பியைக் கோலில் சுற்றி வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று கோத்து, ஒவ்வொன்றின் வாயையும் தனித்தனியே பற்றவைத்தால்தான் சங்கிலி. அத்தனை வளையங்களுக்கும் அத்தனை முறை ஊத வேண்டும். 'பொடி வைத்து ஊதுதல்' என நாம் கேலியாய்ச் சொல்வது, பற்றவைக்கும் பொடியை வைத்து ஊதும் இந்த நுட்பமான வேலையின் பெயரே.

இப்பொடியைப் பற்றி ஒரு சொல். 'கே.டி.எம். நகை' என்பதைத் தூய்மையின் முத்திரையென்று நம்பிப் பலரும் கேட்டு வாங்கினர். அது தூய்மையின் பெயரன்று. காட்மியம் என்னும் உலோகம் கலந்த பற்றுப்பொடியின் பெயர். காட்மியம் சூட்டில் ஆவியாய்ப் போய்விடுவதால் நகையின் தரம் குறையாது என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அந்த ஆவியைச் சுவாசிப்பவர் யார்? குனிந்து ஊதும் தொழிலாளியே. அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. ஆகவே ஒருவர் உயிரைக் குடிக்கும் பொடியை நம் இல்லத்தின் மங்கலப் பொருளுக்குக் கேட்டு வாங்காதிருப்போமாக.

தாலியின் வேலை வேறு. தகட்டை அரக்கில் பதித்துச் சிற்றுளியால் உருவம் எழுப்பி, விளிம்பை அரத்தால் சீராக்கி, மேலே கோவை வளையம் பற்றவைப்பர். அதில் என்ன உருவம் பொறிப்பது என்பது நம் குடும்பங்களில் மிகப் பழைய கேள்வி. 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் பாப்பிறையின் தூதுவர் தெ தூர்னோன் வெளியிட்ட கட்டளைகளில் தாலியைப் பற்றியும் ஒன்றுண்டு. கிறிஸ்தவப் பெண்கள் அணியும் தாலியில் சிலுவையோ, ஆண்டவர் அல்லது தேவதாயின் உருவமோ, வேறு புனித உருவமோ இருக்கலாம் என்பது அதன் கருத்து. இன்று சிலுவையும் புறாவும் பொறித்த தாலிகளைக் காண்கின்றோம். எதை விரும்பினாலும் வாயால் கூறிவிட்டு வந்துவிடாமல், ஒரு தாளில் வரைந்து கொடுப்பதே நன்று.

கடைகளில் இன்று மற்றொரு முறையும் வழங்குகின்றது. கணிப்பொறியில் உருவத்தை வரைந்து, அதனை மெழுகில் எடுத்து, மாவுபோன்ற சுதையால் மூடிச் சூளையில் வைப்பர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் பொன்னை வார்ப்பர். சுவாமிமலையில் வெண்கலத் திருமேனிகளை வார்ப்பதும் இதே தத்துவத்தினால்தான். முறை எதுவாயினும், இறுதியில் அரமும் மெருகும் மனிதக் கையும் தேவை.

அரம் தேய்க்கும்போது பொற்பொடி உதிர்கின்றது. பெரும்பகுதியைத் தட்டில் ஏந்தி மீண்டும் உருக்கிவிடுவர். ஆயினும் சிறிது கையிலும் துணியிலும் தரையிலும் போய்விடும். பட்டறைத் தெருக்களின் மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் அரித்துப் பிழைக்கும் ஏழைகள் அதற்குச் சாட்சி. இதுவே உண்மையான சேதாரம். ஆனால் கடைகளில் நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிடும் சேதாரம் பெரும்பாலும் கூலிக்கும் இலாபத்திற்கும் இட்ட மறுபெயரேயாகும். 16 கிராம் நகைக்குச் சேதாரம் நூற்றுக்குப் பத்து என்றால், 1.6 கிராம் பொன்னின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கின்றோம். எனவே, 'செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்த்து ரூபாயில் எவ்வளவு?' என்று தெளிவாகக் கேளுங்கள்.

இனி, குடும்பத் தலைவர்களும் தாய்மாரும் செய்ய வேண்டுவன சில. பழைய நகையின் கல்லை அகற்றிய பின் உங்கள் முன்னிலையில் நிறுக்கச் சொல்லுங்கள். உருக்கும்போது உடனிருங்கள், உருக்கிய கட்டியை மீண்டும் நிறுத்து, தரத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். உரைகல்லில் கீறி அமிலத் துளியிட்டுப் பார்ப்பது பழைய முறை. ஊடுகதிர்க் கருவியால் பார்ப்பது புதிய முறை. எடை, தரம், கூலி, சேதாரம், ஒப்படைக்கும் நாள் ஆகிய ஐந்தையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். எழுதிக் கேட்பது அவநம்பிக்கையன்று. அது ஆசாரியாருக்கும் காவல், உங்களுக்கும் காவல்.

கடையில் வாங்கும் நகைக்கு 2021 முதல் படிப்படியாக முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2023 ஏப்ரல் முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீடும் அதில் இருக்க வேண்டும். அதனைக் கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இக்கட்டாயம் இல்லை. சிறு தாலிகள் பல இவ்வகையில் அடங்கும். ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய்க்குட்பட்ட வணிகம் செய்வோருக்கும் விலக்குண்டு. ஆகவே ஊர் ஆசாரியார் செய்த தாலியில் முத்திரை இல்லையென்பதால் அது கலப்படமென்று எண்ணிவிட வேண்டா. ஐயமிருப்பின், கட்டணம் செலுத்திச் சோதனை நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தொழிலினர் பட்ட துயரையும் நாம் மறத்தலாகாது. சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணம் காட்டி, 1963 சனவரியில் அரசு தங்கக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாது என்றது. மக்கள் அத்தகைய நகையை விரும்பவில்லை. பட்டறைகளில் உலை அவிந்தது. பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினியில் வாடின. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 1966இல் அந்தக் காரட் தடை நீங்கிற்று. எனினும் 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. அதன்பின் இயந்திர நகையும் பெருங்கடைகளும் வந்தன. இன்று ஊரில் எஞ்சியுள்ள ஒரிருவரே, நம் பேத்தியின் அறுந்த கொலுசையும் முகஞ்சுளிக்காமல் பற்றவைத்துத் தருகின்றனர்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். பாட்டியின் மூன்று பவுன் போதாதென்று, வட்டிக்கு வாங்கி ஐந்தாக்கி, பத்தாக்கி, அண்டை வீட்டாருக்கு நிகராக நிற்க முயலும் இல்லங்கள் பல. தாலி நிலைப்பது எடையினால் அன்று. கையில் உள்ள பொன்னுக்குள் அழகாய்ச் செய்து தரும் திறமை ஆசாரியாரிடம் உண்டு. கடன் தீர்க்கும் திறமை எந்த நகைக்கும் இல்லை.

திருமணம் முடிந்தவுடன் பந்தற்காரரும் மேளக்காரரும் சமையற்காரரும் வாசலில் வந்து நின்று தம் பணத்தைப் பெற்றுச் செல்வர். நகை செய்தவர் மட்டும், 'வீட்டுப்பிள்ளைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மாதக்கணக்கில் நடக்க வைக்கப்படுகின்றார். இனியேனும் அவ்வாறு செய்யாதிருப்போம். நகையைக் கையில் வாங்கி, நிறுத்துப் பார்த்து, கணக்கைச் சரிபார்த்த அதே நாளில், அதே இடத்தில், அவர் கூலியைக் குறைவின்றிக் கொடுத்துவிடுங்கள்.