அழகுக்கா, முதுகுக்கா?

63 வயதில் எனக்கு அழகு ஆசை வந்துவிட்டதாம். மார்பின் எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு முன் அனுமதி கேட்டேன். "காஸ்மெடிக்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது இன்ஷூரன்ஸ் கம்பெனி.

முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவள் நான். ராத்திரி பாடியைக் கழற்றினால் இரண்டு தோளிலும் பட்டை அழுத்திய பள்ளம். கோடையில் மார்பின் அடியில் வேர்வைப் புண். கழுத்திலிருந்து நடுமுதுகு வரை வலி. தைலம், பெல்ட், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. "வெயிட்டைக் குறைங்கம்மா" என்றார் எலும்பு டாக்டர். ஒன்பது கிலோ குறைத்தேன். கன்னம்தான் ஒட்டிப்போனது.

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது வாசகம் என் பாலிசியிலும் இருக்கிறது. அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது. ஆனால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அது அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் உண்டு. அந்த "உடனடி"யைப் பிடித்துத் தொங்குகிறார்கள். இருபது வருட வலி உடனடி இல்லையாம்! தேய்ந்த முழங்காலை மாற்றப் பணம் தருகிறீர்களே, அது மட்டும் நாளைக்கே உயிரை எடுத்துவிடுமா?

"இதையெல்லாம் வெளியே எழுதலாமா அக்கா?" என்கிறாள் தங்கை. அவளுக்கும் அதே தோள் பள்ளம்தான்.

தழும்பு விழும், உணர்ச்சி குறையலாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். சரி என்றேன். அவருடைய கடிதத்தோடு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன்.